குழாய்ச் சுவரின் தடிமனும் சூத்திரத்தின் எல்லையும்

வீடுகளில் உபயோகிக்கப்படும் குழாய்களுள் மிகச் சாதாரணமானது அரை அங்குலக் குழாய். 15 மில்லிமீட்டர் என்ற பெயரில் விற்கப்படும் இந்த நாகப்பூச்சு எஃகுக் குழாயின் வெளி விட்டம் 21.3 மில்லிமீட்டர். இதனுள் 100 மீட்டர் உயர நீர்ப்பத்தியின் அழுத்தம், அதாவது சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 1 நியூட்டன், நிலவுவதாகக் கொள்வோம். ஏறக்குறைய முப்பது மாடிக் கட்டிடத்தின் உச்சித் தொட்டியிலிருந்து தரைவரை இடையில் தடையின்றி இறங்கும் குழாயின் அடியில் இருக்கக்கூடிய அழுத்தம் இது. எஃகின்மீது சதுர மில்லிமீட்டருக்கு 100 நியூட்டன் தகைவை அனுமதித்து, பாலிடெக்னிக்குகளில் கற்பிக்கப்படும் சூத்திரத்தைப் பிரயோகித்தால், இக்குழாய்க்கு வேண்டிய சுவர்த் தடிமன் 0.11 மில்லிமீட்டர் என்று விடை வருகிறது. எழுதும் காகிதத்தின் கனம் அவ்வளவே. கடையில் கிடைப்பனவோ 2 மில்லிமீட்டர், 2.6 மில்லிமீட்டர், 3.2 மில்லிமீட்டர் என்ற மூன்று வகைகள். நடுத்தர வகையை எடுத்துக்கொண்டாலும், சூத்திரம் கேட்பதைப்போல் இருபது மடங்குக்கும் மேலான உலோகம் அதில் இருக்கிறது.

இவ்வேற்றுமை ஏன் என்று வகுப்பில் ஒரு மாணவன் வினவினால், "காப்பு எண்" என்ற ஒரு சொல்லைக் கூறி அவனை அமர்த்திவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. களத்தில் பணிபுரிவோரோ வினவுவதே இல்லை. அட்டவணையில் உள்ள வகுப்பைத் தேர்ந்து கோரிக்கைப் படிவத்தில் எழுதிவிடுகின்றனர். இரண்டும் விரும்பத்தக்க வழக்கங்கள் அல்ல என்பதே என் கருத்து. சூத்திரம் குறையற்றது. ஆனால் நீர் நிரம்பி, அழுத்தம் மாறாது நின்று, சுவர் தேயாதிருக்கும் குழாயைப் பற்றி மட்டுமே அது பேசுகிறது. நம் நகரங்களில் மண்ணுக்கடியில் கிடக்கும் குழாய்களுள் அவ்வாறு வாழ்பவை மிகச் சிலவே. தலைநகராகிய தில்லியின் குழாய்களைக் கொண்டே இதனைக் காட்ட முயல்கிறேன்.

முதலில் சூத்திரத்தை நினைவுபடுத்திக்கொள்வோம். குழாயை நீளவாக்கில் இரு பாதிகளாகப் பிளந்ததாகக் கற்பனை செய்க. உள்ளிருக்கும் நீர் இவ்விரு பாதிகளையும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும்படி தள்ளுகிறது. அழுத்தத்தை விட்டத்தாலும் நீளத்தாலும் பெருக்கினால் இத்தள்ளுவிசை கிடைக்கும். இதனை எதிர்த்து நிற்பவை இருபுறத்துச் சுவர்களும் ஆகும். ஆகவே அழுத்தத்தை விட்டத்தால் பெருக்கி, அனுமதித்த தகைவின் இருமடங்கால் வகுத்தால் வேண்டிய தடிமன் பெறப்படும். குழாயின் நீளத்திசையில் எழும் தகைவு இதிற் பாதியே. அழுத்தம் மிகுந்து வெடிக்கும் குழாய் இலவங்காயைப்போல் நீளவாக்கில் பிளப்பதன் காரணம் இதுவே. சுவர் விட்டத்தோடு ஒப்பிட மிகத் தடித்ததாயின், பிரெஞ்சு அறிஞர் லாமே வகுத்த விரிவான கணக்கை நாட வேண்டும்; நகர நீர்க்குழாய்களுக்கு அது பெரும்பாலும் வேண்டுவதில்லை.

இச்சூத்திரம் ஆங்கிலக் கணித அறிஞர் பீட்டர் பார்லோவின் (1776–1862) பெயரால் வழங்குகிறது. எனினும் அவர் பிறப்பதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே பிரான்சு நாட்டு மரியோத் என்பவர் சோதனை வாயிலாக இதன் சாரத்தைக் கண்டுவிட்டார். வெர்சேல்ஸ் அரண்மனைக்கு நீர் கொண்டு செல்லும் குழாய்களைப் பற்றி ஆராய்ந்தவர் அவர். ஓர் உருளைக் கலத்தின்மேல் நெடிய செங்குத்துக் குழாயைப் பொருத்தி, அதில் நீரின் உயரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, கலம் வெடிக்கும்வரை காத்திருந்தார். தடிமன், அழுத்தத்துக்கும் விட்டத்துக்கும் நேர்விகிதத்தில் இருத்தல் வேண்டும் என்ற முடிவு இவ்வாறு கிடைத்தது. அவர் 1684-இல் மறைந்தார்; நீரின் இயக்கம் பற்றிய அவரது நூல் 1686-இல் வெளியாயிற்று. உயர்நிலைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒரு மெல்லிய தகரக் குவளையையும் ரப்பர்க் குழாயையும் கொண்டு இச்சோதனையைச் சிறிய அளவில் செய்து காட்டலாம். செய்து காட்டும் பள்ளிகள் அரிது என்பது வேறு விஷயம்.

இனி அரை அங்குலக் குழாய்க்குத் திரும்புவோம். அதன் சுவர் ஏன் அவ்வளவு தடித்திருக்கிறது? முதற் காரணம் மரை. குழாயின் முனையில் வெட்டப்படும் மரையின் ஆழம் 1.16 மில்லிமீட்டர். 2 மில்லிமீட்டர்ச் சுவருள்ள மென்வகைக் குழாயில் மரை வெட்டியபின் அடிப்பள்ளத்தில் எஞ்சுவது 0.84 மில்லிமீட்டரே. நடுத்தர வகையில் 1.44 மில்லிமீட்டர் எஞ்சும். நாகப்பூச்சும் மரை வெட்டிய இடத்தில் போய்விடுகிறது. ஆகவே துரு முதலில் பற்றுவதும் அங்கேதான். பழைய வீடுகளில் குழாய் ஒழுகுவது நடுவிலா, மூட்டிலா என்று எந்தக் குழாய்ப் பணியாளரைக் கேட்டாலும் விடை தயாராக இருக்கும். ஆகக் குழாயின் தடிமனை உண்மையில் நிர்ணயித்தது நீரின் அழுத்தம் அன்று. அதனை இணைக்கும் முறை, துரு, லாரியிலிருந்து இறக்கும்போது படும் அடி, சுவரில் பதிக்கையில் நேரும் வளைவு ஆகியவையே. மென்வகைக்கு மஞ்சள், நடுத்தர வகைக்கு நீலம், கன வகைக்குச் சிவப்பு எனக் குழாயில் இடப்படும் வண்ணப் பட்டைகள் இந்திய நியமம் 1239-இல் வகுக்கப்பட்டவை. 1947-இல் நிறுவப்பட்டு, 1987 முதல் இந்திய நியமங்களின் அமைவனம் என்ற பெயரில் தில்லி பகதூர் ஷா ஜாபர் மார்க்கத்திலுள்ள மானக் பவனிலிருந்து இயங்கிவரும் நிறுவனத்தின் வெளியீடு அது. மஞ்சள் பட்டையைக் கண்டும் விலை குறைவு என்பதற்காக அக்குழாயை மண்ணுக்குள் புதைப்போர், தாம் வாங்கிய இரண்டு மில்லிமீட்டரில் பாதிக்கு மேல் மரையிலேயே போய்விட்டதை அறியார்.

இது சிறு குழாயின் கதை. பெருங்குழாய்களில் இணைப்பு பெரும்பாலும் பற்றவைப்பால் அமைவது. மரை என்ற பேச்சு அங்கு இல்லை. ஆனால் அங்கு வேறொரு வினா முன் நிற்கிறது: சூத்திரத்தில் இடும் அழுத்தம் எது?

பம்பின் அழுத்தமானியில் முள் காட்டும் எண்ணையே பலரும் எடுத்துக்கொள்கின்றனர். முள் நிலையாக நிற்கும்போது அது சரியே. ஓடிக்கொண்டிருக்கும் நீர் திடீரெனத் தடுக்கப்பட்டால் என்ன நேரும் என்பதை ருஷ்ய அறிஞர் ழுக்கோவ்ஸ்கி மாஸ்கோ நகரின் குழாய்களில் சோதித்து 1898-இல் வெளியிட்டார். நீரின் அடர்த்தி, அழுத்த அலையின் வேகம், நீரோட்ட வேகத்தில் நேர்ந்த மாறுதல் ஆகிய மூன்றையும் பெருக்கினால் திடீர் அழுத்த உயர்வு கிடைக்கும். எஃகுக் குழாயில் இவ்வலை விநாடிக்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் வேகத்தில் செல்லும். விநாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் ஓடும் நீரை ஒரே கணத்தில் நிறுத்தினால், ஏற்கெனவே உள்ள அழுத்தத்தின்மேல் 150 மீட்டர் நீர் உயரத்துக்குச் சமமான அழுத்தம் கூடுதலாக வந்து சேரும். 60 மீட்டர் அழுத்தத்துக்கென்று கணக்கிட்ட குழாய் அக்கணத்தில் 210 மீட்டரைத் தாங்க வேண்டியதாகிறது.

ஒரே கணத்தில் என்பதன் பொருளையும் களப்பணியாளர் அறிதல் நலம். 5 கிலோமீட்டர் நீளமுள்ள குழாயில் அலை மறுமுனை சென்று திரும்பப் பத்து விநாடி ஆகும். வால்வைப் பத்து விநாடிக்குள் மூடிவிட்டால், ஒரு விநாடியில் மூடியதற்கும் அதற்கும் வேற்றுமை இல்லை. முழு அடியும் விழும். நிமிடக் கணக்கில் மெல்ல மூடினால் அடி பெரிதும் தணியும். குழாயின் சுவரில் ஒரு மில்லிமீட்டரைக் கூட்டுவதற்குச் செலவாகும் பணத்தையும், வால்வை மெல்லத் திருப்புவதற்குச் செலவாகும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல பயிற்சி. ஆனால் மின்சாரம் தடைப்பட்டுப் பம்பு நின்றுபோகும்போது மெல்ல நிறுத்துவதற்கு யாரும் இல்லை. அப்போது முதலில் எழுவது அழுத்த உயர்வும் அன்று, அழுத்த வீழ்ச்சி. பம்பைத் தாண்டிய நீர் தன் வேகத்தால் முன்னே செல்ல, பின்னால் வெற்றிடம் உண்டாகிறது.

தில்லியின் நிலைக்கு இப்போது வருவோம். இந்நகரின் நீர் வழங்கல் 1998 முதல் தில்லி நீர் வாரியத்தின் பொறுப்பில் உள்ளது. யமுனையின் நீரும், மேற்குக் கால்வாய்கள் கொணரும் நீரும், கங்கைக் கால்வாய் வழியே வரும் நீரும் சுத்திகரிக்கப்பட்டு வீடுகளுக்குச் செல்கின்றன. ஆனால் பல பகுதிகளில் காலையிலும் மாலையிலும் சில மணி நேரமே நீர் வருகிறது. இதன் பொருள், அக்குழாய்கள் ஒவ்வொரு நாளும் நிரம்பி, ஒவ்வொரு நாளும் வடிகின்றன என்பது. கணக்குப் புத்தகத்தில் உள்ள குழாய் ஒருமுறை நிரப்பப்பட்டு ஐம்பது ஆண்டு நிரம்பியே இருப்பது. தில்லியின் குழாயோ அவ்வைம்பது ஆண்டுகளில் பல்லாயிரம் முறை காலியாவது. நீர் வரும் நேரத்திலும், மேல்மாடிக்கு ஏற்றும்பொருட்டு, டுல்லு என்று வழங்கும் சிறு பம்புகளைப் பலர் நேரே குழாயில் பொருத்தி உறிஞ்சுகின்றனர். தடை செய்யப்பட்ட செயல் எனினும் நடைபெறுவது. தெருக்குழாயில் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் கீழே இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குழாய் காலியானால் அதற்குச் சுமை குறைந்தது என்றே பொதுவாக எண்ணுகிறோம். எஃகுக் குழாயில் இது எவ்வளவு பிழையான எண்ணம் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு மீட்டர் விட்டமுள்ள குழாய். 100 மீட்டர் நீர் அழுத்தம். அனுமதித்த தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 120 நியூட்டன். சூத்திரப்படி வேண்டிய தடிமன் 4.2 மில்லிமீட்டர். இனி அக்குழாய் திடீரென வடிந்து உள்ளே முழு வெற்றிடம் ஏற்பட்டதாகக் கொள்க. இப்போது வெளிக்காற்று குழாயை உள்நோக்கி நசுக்குகிறது. இங்கு எஃகின் வலிமையைவிட அதன் விறைப்பே கணக்கில் வருவது. சுவர் கிழிவதற்கு முன்பே, வட்டம் நீள்வட்டமாகி, பின்னர் தட்டையாய் மடிந்துவிடும். இவ்வாறு மடிவதற்குரிய வெளி அழுத்தம், தடிமனை விட்டத்தால் வகுத்து வரும் எண்ணின் கனத்தை, அதாவது அதனை மும்முறை பெருக்கிய பெருக்கத்தை, ஒட்டி அமைகிறது. எஃகுக்குரிய எண்களை இட்டுப் பார்த்தால், 4.2 மில்லிமீட்டர்ச் சுவருள்ள நம் குழாய் வெளிக்காற்றின் மூன்றில் ஒரு பங்கு அழுத்தத்திலேயே மடிந்துவிடும். முழு வெற்றிடத்தைத் தாங்க வேண்டுமாயின் 6.1 மில்லிமீட்டர் வேண்டும். அதுவும் குழாய் சிறிதும் கோணாத முழு வட்டமாக இருந்தால் மட்டுமே. நூறு மீட்டர் நீரைத் தாங்க வேண்டியதைவிட, ஒன்றுமில்லாமையைத் தாங்க அரை மடங்கு அதிக உலோகம் வேண்டியதாகிறது!

விட்டம் பெருகப் பெருக இவ்விந்தை மிகுகிறது. தெஹ்ரி அணையிலிருந்து மேல் கங்கைக் கால்வாய் வழியாக வரும் நீரை, காஜியாபாத் மாவட்டத்து முராத்நகரிலிருந்து தில்லி சோனியா விஹார் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொணரும் குழாயின் விட்டம் 3.25 மீட்டர், நீளம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். ஓர் ஆள் தன் தோள்மீது ஒரு சிறுவனை ஏற்றிக்கொண்டு அதனுள் நடக்கலாம். இவ்விட்டத்தில் ஓர் எஃகுக் குழாயைக் கற்பனை செய்து, 30 மீட்டர் நீர் அழுத்தத்தை மட்டும் இடுவோம். ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் குழாயைப் பிளக்க முயலும் விசை ஏறத்தாழ 100 டன். அச்சந்தரும் எண்ணாகத் தோன்றினும் அதனைத் தாங்க 4 மில்லிமீட்டர் எஃகே போதும் என்கிறது சூத்திரம். அவ்வளவு மெல்லிய தகட்டை மூன்றே கால் மீட்டர் வட்டமாக வளைத்தால், அது தன் எடையாலேயே தொங்கிவிடும். வெற்றிடத்தைத் துணையின்றித் தாங்கவோ ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் வேண்டும். இக்காரணத்தாலேயே பெருங்குழாய்களில் வலுவூட்டும் வளையங்கள், சுற்றிலும் இறுகத் தணித்த மண், மேடான இடந்தோறும் காற்றை உள்ளே விடும் வால்வுகள் ஆகியவற்றைப் பொறியாளர்கள் நாடுகின்றனர். காற்று வால்வு என்பது ஒரு சிறு பொருள். அது துருப்பிடித்து இறுகிவிட்டால், கோடிக்கணக்கான ரூபாய் பெறுமான குழாயின் காப்பு எண் எவருக்கும் தெரியாமல் குறைந்துவிடுகிறது. குப்பை அடைத்துக் கிடக்கும் காற்று வால்வுக் குழிகள் எந்நகரில் இல்லை?

வெற்றிடத்தின் தீங்கு உலோகத்தோடு நிற்பதும் இல்லை. உள்ளே அழுத்தம் குறைந்த வேளையில், தளர்ந்த மூட்டுகளின் வழியே வெளிநீர் குழாய்க்குள் உறிஞ்சப்படுகிறது. நீர்க்குழாயும் கழிவுநீர்க்குழாயும் அருகருகே ஓடும் குறுகிய தெருக்களில் அவ்வெளிநீர் எத்தகையது என்று விளக்க வேண்டுவதில்லை. குடிநீரில் கழிவுநீர் கலப்பதன் விளைவைத் தில்லி நன்கு அறியும். 1955 இறுதியிலும் 1956 தொடக்கத்திலும் நஜஃப்கர் வாய்க்காலின் கழிவு வஜீராபாத்தில் நீர் எடுக்கும் இடத்தை எட்டியதால், 29,000-க்கும் மேற்பட்டோர் மஞ்சட்காமாலையுற்றனர். அந்நோய் இன்று ஹெபடைடிஸ் ஈ என்று அறியப்படுவது. அன்று கழிவு நுழைந்தது நீர்முகத்தில். தெருக்குழாயின் மூட்டுகளில் அது நுழையுமாயின் சுத்திகரிப்பு நிலையம் எதுவும் இடையில் நின்று காக்க இயலாது. குழாய்க் கணக்கைப் பொறியியலின் ஒரு மூலையாக எண்ணுவோர் இத்தொடர்பைச் சிந்திக்க வேண்டும்.

சூத்திரத்தில் உள்ள மற்றோர் எழுத்தாகிய தடிமனைப் பற்றியும் இதே வினா எழுகிறது: எந்நாளைய தடிமன்? வாங்கிய நாளில் அளந்ததா, இன்று மண்ணுக்கடியில் எஞ்சியிருப்பதா?

2014-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள் விடியற்காலை, ஆந்திரப் பிரதேசத்துக் கிழக்குக் கோதாவரி மாவட்டம் நகரம் என்ற சிற்றூரில், 18 அங்குல விட்டமுள்ள எரிவாயுக் குழாய் ஒன்று கசிந்து தீப்பற்றியது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உலர்ந்த வாயுவைக் கொண்டு செல்வதற்கென அமைந்த குழாயில் நீரும் பிற திரவங்களும் கலந்த ஈரவாயு சென்றதும், அதனால் உட்புறம் அரிக்கப்பட்டதும் பின்னர் நடந்த விசாரணையில் வெளிப்பட்டன. இதனைப் பொறுப்பின்மை என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடலாம். ஆசிரியருக்கு அதனினும் பயனுள்ள பாடம் ஒன்று அதில் உண்டு. சூத்திரத்தில் அழுத்தம் மாறவில்லை, விட்டம் மாறவில்லை, எஃகின் தரம் மாறவில்லை. தடிமன் ஒன்றே, அதுவும் குழாயின் அடிப்புறத்தில் நீர் தங்கிய இடங்களில், மாறியது. அரிப்பு சுவரைச் சமமாக இழைப்பதில்லை. ஓரிடத்தில் குழி தோண்டி, பக்கத்தில் புதிதுபோல் விட்டுவைக்கிறது. ஆகவே சராசரித் தடிமன் என்பது ஏமாற்றும் எண். மிக மெல்லிய இடத்தின் தடிமனே குழாயின் தடிமன்.

எரிவாயுவைக் குறிப்பிட்டதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தில்லியில் இந்திரப்பிரஸ்தா எரிவாயு நிறுவனம் 1998-இல் அமைக்கப்பட்டபின், நிலவாயு குழாய் வழியே இல்லங்களுக்கு வருகிறது. சமையலறையில் அதன் அழுத்தம் 21 மில்லிபார், ஏறத்தாழ ஒரு சாண் நீர் உயரம் மட்டுமே. தெருவடியில் பாலிதீன் குழாய்களில் 4 பார் வரை. நகரைச் சுற்றிவரும் எஃகுக் குழாய்களில் அதனினும் பன்மடங்கு. இவ்வெஃகுக் குழாய்களுக்குரிய கணக்கில், பார்லோவின் சூத்திரத்தோடு ஓர் எண் கூடுதலாகச் சேர்க்கப்படுகிறது. குழாய் செல்லும் வழியில் மக்கள் எவ்வளவு நெருங்கி வாழ்கின்றனர் என்பதைப் பொறுத்த எண் அது. ஆளரவமற்ற வெளியில் 0.72, மாடிக்கட்டிடங்கள் நெருங்கிய நகரில் 0.4. 323.9 மில்லிமீட்டர் வெளி விட்டமும், சதுர மில்லிமீட்டருக்கு 360 நியூட்டனில் நிரந்தரமாக நீளத் தொடங்கும் எஃகும் கொண்டு, 49 பார் அழுத்தத்துக்குக் கணக்கிட்டால், வயல்வெளியில் 3.1 மில்லிமீட்டர் போதுமான அதே குழாய் நகருக்குள் நுழைந்ததும் 5.5 மில்லிமீட்டர் ஆக வேண்டியுள்ளது. வாயு அதே வாயு. எஃகு அதே எஃகு. மேலே நடமாடும் மனிதர்களே 2.4 மில்லிமீட்டரைக் கூட்டுகின்றனர். இந்நெறி எனக்கு மிகவும் உகந்தது. நீர்க்குழாய்க்கு இத்தகைய எண் ஒன்று இல்லை. நீர் தீப்பற்றாது என்பது உண்மை. எனினும் மருத்துவமனைக்கும் நெருக்கமான குடியிருப்புக்கும் செல்லும் குழாயையும், தோட்டத்துக்குச் செல்லும் குழாயையும் ஒரே அட்டவணையின் ஒரே வரியிலிருந்து தேர்வது சரியா என்று கேட்க இடமுண்டு.

பிளாஸ்டிக் குழாய்களைப் பற்றிச் சிலவே கூறுகிறேன். பி.வி.சி. குழாயில் அச்சிடப்பட்டிருக்கும் அழுத்தம் இந்திய நியமம் 4985-இன்படி 27 பாகை செல்சியசுக்கு உரியது. தில்லியின் ஜூன் மாதத்து மொட்டைமாடியில் வெயில் படக் கிடக்கும் குழாய்க்கு அவ்வெண் பொருந்தாது. சூடு ஏற வலிமை குறையும். மேலும் எஃகுக்கு வலிமை என்பது ஒரு நிலையான எண்; பாலிதீனுக்கு அது காலத்தோடு சேர்ந்த எண். 20 பாகையில் 50 ஆண்டுக் காலம் இடைவிடாது தாங்கும் தகைவு எது என்று கண்டு, அதன்மீதே அதன் தரம் குறிக்கப்படுகிறது. இதனை வகுப்பில் எடுத்துரைத்தால் மாணவர்கள் வலிமை என்ற சொல்லையே புதிதாக நோக்குவர்.

இவ்வளவும் கேட்டபின், எல்லாக் குழாய்களையும் இருமடங்கு தடிமனில் வாங்கிவிடுவோம் என்று சிலர் முடிவுகட்டக்கூடும். அதனை நான் ஆதரிக்கவில்லை. எஃகு விலையுயர்ந்த பொருள். ஒரு மீட்டர் விட்டமுள்ள குழாயில் ஒரு மில்லிமீட்டர் தடிமன் என்பது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 25 டன். தேவையற்ற இடத்தில் அதனைப் புதைப்பது, வேறோர் ஊருக்குக் குழாயே இல்லாமற் செய்வதாகும். மேலும் தடிமனைக் கூட்டுவதால் மூட்டு இறுகிவிடாது. கழிவுநீர் நுழைவது நிற்காது. குழாய் எப்போதும் நிரம்பியிருக்குமாறு இடைவிடாது நீர் வழங்குவதே பல இடங்களில் மலிவான பரிகாரம். அவ்வாறு செய்தால் நீர் விரயமாகும் என்று அஞ்சுவோர் உளர். ஒழுகும் மூட்டுகளை அடைக்காமல் செய்தால் அவ்வச்சம் உண்மையாகும். ஆதலின் அடைப்பதிலிருந்தே தொடங்க வேண்டும். ஒடிசா மாநிலத்துப் பூரி நகரில் 2021 முதல் நாள் முழுவதும் குழாயிலிருந்தே பருகத்தக்க நீர் வழங்கப்படுகிறது. தேர்த்திருவிழாவுக்குப் பெருங்கூட்டம் திரளும் அவ்வூரில் இயன்றது, தலைநகரின் ஒரு வட்டாரத்திலேனும் இயலாது என்று கூறுவதற்கில்லை.

களப்பணியாளரிடம் வேண்டுவது இரண்டு. அழுத்தமானியைப் பார்க்கும்போது உச்ச அளவை மட்டும் குறித்துக்கொள்ளாமல், நீர் நிற்கும் நேரத்திலும் மின்தடையின்போதும் முள் எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதையும் குறிப்பேட்டில் எழுதுக. சுழிக்குக் கீழே காட்டாத அழுத்தமானிகளே பெரும்பாலும் பொருத்தப்பட்டுள்ளன. அவற்றுள் சிலவற்றையேனும் வெற்றிடமும் காட்டும் வகையாக மாற்றும்படி இலாகாவைக் கோருக. அடுத்து, பழுது பார்ப்பதற்காக எக்குழாய் வெட்டப்பட்டாலும், அத்துண்டைப் பழைய இரும்புக் கிடங்குக்கு அனுப்புமுன் மேல், கீழ், இருபக்கம் ஆகிய நான்கு இடங்களிலும், கண்ணுக்குத் தெரியும் ஆழமான குழியிலும் தடிமனை அளந்து, குழாய் இட்ட ஆண்டோடும் மண்ணின் இயல்போடும் சேர்த்து எழுதிவைக்க வேண்டும். செவிக்கெட்டா ஒலியலைகளால் வெட்டாமலே அளக்கும் கருவிகள் இப்போது கையில் அடங்கும் அளவில் கிடைக்கின்றன. எனினும் வெட்டிய துண்டை அளப்பதற்குக் காலிப்பர் ஒன்றே போதும். பத்தாண்டுகள் இவ்வாறு எழுதினால், அரிப்புக்கென எவ்வளவு தடிமனைக் கூடுதலாக ஒதுக்க வேண்டும் என்பதை அந்நகரின் மண்ணே சொல்லிவிடும். வேறு நாட்டுப் புத்தகத்திலிருந்து ஓர் எண்ணை எடுத்துவர வேண்டியதில்லை.

ஆசிரியர்கள் தேர்வு வினாவைச் சிறிது மாற்றினால் போதும். ஒரு மீட்டர் விட்டமும் 5 மில்லிமீட்டர்ச் சுவரும் உள்ள எஃகுக் குழாய், 120 நியூட்டன் தகைவில், எவ்வளவு உள்ளழுத்தத்தைத் தாங்கும் என்று இப்போது கேட்கிறோம். 120 மீட்டர் நீர் உயரம் என்று மாணவன் எழுதி முழு மதிப்பெண் பெறுகிறான். அதன்கீழே, அதே குழாய் காலியாகும்போது வெளியிலிருந்து எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் என்றும் கேட்கலாம். ஐந்தரை மீட்டர் நீர் உயரம் என்று விடை வரும். வெளிக்காற்றின் அழுத்தமோ பத்து மீட்டருக்கும் சிறிது அதிகம். இவ்விரு விடைகளையும் அடுத்தடுத்து எழுதச் செய்தபின், குழாய் வழியில் மேட்டுப்பகுதிதோறும் வைக்கப்படும் காற்று வால்வு எதற்காக என்று மூன்றாவது வினாவைக் கேட்கலாம்; வகுப்பில் விடை கூறுவோர் பலர் இருப்பர்.